கோல்செஷ்மேயின் குடிசனம்

கண்ணால் பார்த்தே இராத ஒரு ஊரில் ஆட்களே இல்லை என்று எழுதி, அதற்கு முத்திரையும் குத்தி, அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கே தபாலில் அனுப்பிவைத்தால் உங்களுக்குக் கோபம் வராதா? எனக்கு வந்தது. கடிதம் வந்தது எனக்கல்ல, தூபாவுக்கு. ஆனால் தூபா கோபப்படத் தெரியாத பிறவி. அவளுக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியதாயிற்று. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கொறற்றி வாயைத் திறந்தால் கடலில் நிற்கிற வள்ளமும் திரும்பிப் பார்க்கும் என்று எங்கள் கரையில் சொல்வார்கள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. டோர்ட்மண்டுக்கு வெளியே, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் பக்கத்தில், ஒருகாலத்தில் சுரங்கத் தொழிலாளர் தங்கிய கட்டடத்தில் அகதிகளை வைத்திருந்தார்கள். ஹைம் என்று சொல்வோம். வேலை செய்யக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சாப்பாட்டுச் சாமான்களைப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். அதற்குள் என்ன இருக்கும் என்பது அவர்கள் இஷ்டம். மாடிக்கு ஒரு குசினி. எங்கள் மாடிக் குசினியில் யாழ்ப்பாணத்து ஆட்களும் கானா நாட்டுக்காரரும் இரண்டு ஈரானியக் குடும்பங்களும் சமைத்தோம். அந்த ஈரானியர்கள் தெஹ்ரான் நகரத்து ஆட்கள். தூபாவும் ஈரான்காரிதான், அவர்கள் பேசுகிற அதே பாரசீக மொழிதான் பேசினாள். ஆனால் அவள் பேச்சைக் கேட்டு அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். பட்டிக்காடு என்று நினைப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். கரையோரத்து ஆட்கள் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணத்திலும் சிலர் அப்படித்தான் சிரிப்பார்கள்.

தூபாவுக்கும் எனக்கும் முதலில் சண்டைதான். அவள் சோற்றை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுவாள். பொதுப் பானையை நாசமாக்குகிறாள் என்று நான் கத்தினேன். அவள் அந்தப் பொன்னிற அடிச்சோற்றைப் பெயர்த்து ஒரு துண்டை என் கையில் வைத்தாள். கடித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு பானையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குப் பொதுவாக இருந்தது குசினி ஜெர்மன், அதாவது வினைச்சொல்லெல்லாம் ஒரே காலத்தில் நிற்கிற, மிச்சத்தைக் கை சொல்கிற ஜெர்மன். அதை வைத்துக்கொண்டே அவள் புருசனைப் பற்றி எனக்குச் சொன்னாள், நான் என்னுடையவரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். அவளுடைய புருசன் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். தடை செய்த கட்சியின் ஆள் என்று சொல்லி, ஊர் முழுவதையும் ஊற்றடியில் கூட்டி நிறுத்திவைத்து, எல்லோரும் பார்க்கச் சுட்டார்கள். சுட்டவர்கள் புரட்சிக் காவலர். என்னுடையவரைக் கடலில் வைத்து நேவிக்காரர் சுட்டார்கள். அதைப் பார்க்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

இனி விதானையார். அவருடைய பெயர் பரராசசிங்கம். ஊரில் அரசாங்கத்தின் கிராம சேவகராக இருந்தவர். பழைய வழக்கத்தில் எல்லோரும் விதானையார் என்றே கூப்பிட்டோம், அவருக்கும் அது பிடித்திருந்தது. ஹைமில் யாருக்கு விசாரணை வந்தாலும் அவர்தான் பழக்குவார். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லோருடைய கோர்ட்டுக்கும் கூடவே வந்து பின்வரிசை வாங்கில் இருப்பார். காசு வாங்க மாட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய பாடம் ஒன்றே ஒன்று. "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. மிச்சம் வாய்க்குள்ளை கிடக்கட்டும்." இதைத் தமிழருக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. குசினியில் நின்ற கானாக்காரருக்கும் சொன்னார், தூபாவுக்கும் சொன்னார், தன் ஜெர்மனில், விரலை உதட்டில் வைத்துக் காட்டி. தூபா அதைப் பெரியவர் சொன்ன புத்தி என்று அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அகதி விண்ணப்பங்களை விசாரிக்கிற கந்தோரிலிருந்து கடிதம் வந்த அன்று அவரே அதைக் குசினி மேசையில் விரித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்தார். தூபா அடுப்படியில் கைகளைத் துடைத்தபடி நின்றாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம், விண்ணப்பதாரி சொன்ன ஊரைப் பற்றி அவர்கள் விசாரித்திருக்கிறார்கள். கோல்செஷ்மே என்று ஒரு இடம் இருக்கிறது. மேற்கு மலையில், உயரத்தில், இன்ன மாவட்டத்தில். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் அந்த நாட்டில் எடுத்த கணக்கில் அங்கே குடிசனம் இல்லை. ஒரு ஆள்கூட இல்லை. அது மாத்திரமல்ல, அந்த இடம் குளிர்காலத்தில் பனியில் புதைந்து கிடக்கும். ஆனால் ஊரில் பனி பெய்யுமா என்று கேட்டதற்கு இவள் தான் கண்டதில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஆறு எங்கே என்று கேட்டதற்கு ஒரு இடத்தில் வீட்டோடு ஓடுகிறது என்றும் இன்னொரு இடத்தில் வெகுதூரம் என்றும் சொல்லியிருக்கிறாள். ஆகவே இவள் அந்த ஊர்க்காரியே அல்ல. ஆட்கள் இல்லாத ஊரில், ஊரைக் கூட்டி வைத்து ஒருவனைச் சுட்டார்கள் என்பது நம்பத்தக்கதல்ல. நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

விதானையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினார். "பெரிய டவுன் ஒண்டின்ரை பேரைச் சொல்லியிருக்கவேணும். ஆர் இந்தப் பட்டிக்காட்டைச் சொல்லச் சொன்னது? குடிசன மதிப்பீட்டிலை இல்லையெண்டா இல்லைத்தான், பிள்ளை. அரசாங்கக் கணக்கு."

நான் கத்தியை மேசையில் போட்டேன். வெங்காயத்தால் வந்த கண்ணீரும் கோபத்தால் வந்ததும் ஒன்றாக ஓடின. அரசாங்கக் கணக்கு! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூபாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குக் கடிதத்தில் பாதிதான் விளங்கியிருந்தது, ஆனால் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்பது விளங்கிவிட்டது. திரும்பிப் போனால் அவளை என்ன செய்வார்கள் என்று கேட்கவே தேவையில்லை. புருசனைச் சுட்ட பிறகு அவளைத் தேடி வந்தபோது அவள் ஆட்டுப் பட்டிக்குள் ஒளிந்திருந்து, மலையேறி, துருக்கிக்கு நடந்து, கிழக்கு பெர்லினில் இறங்கி வந்தவள்.

பனி இல்லையா, உண்மையாகவா என்று அவளைக் கேட்டேன். இல்லை என்றாள். உறுதியாகச் சொன்னாள். மலையில் இருக்கிற ஊர் என்கிறாயே என்றேன். ஓம், மலையில் இருக்கிற ஊர். பிறகு ஏன் பனி இல்லை? அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா என்பது போல ஒன்று இருந்தது. "பனி வரும்போது நாங்கள் இல்லை" என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவளைக் கதிரையில் இருத்தி, சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் கவிழ்த்தேன். காட்டு என்றேன். தூபா தேநீர்க் கேத்தலை நடுவில் வைத்தாள். அது மலை. கேத்தலின் மூக்கடியில் ஒரு கரண்டியை வைத்தாள். அது ஊற்று, அதிலிருந்து வாய்க்கால் போகிறது, இரண்டு பக்கமும் வால்நட் மரங்கள். மரத்துக்கு மேலே சரிவில் உருளைக்கிழங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். மண் வீடுகள், கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டின் முற்றம். இந்தப் பக்கம் ஆலைக்காரர் குடும்பங்கள், அந்தப் பக்கம் முசுக்கொட்டைக்காரர், நடுவில் அவளுடைய மாமனார் வழி ஆட்கள். ஒவ்வொரு கிழங்கையும் தொட்டுப் பெயர் சொன்னாள், ஆண்களின் பெயர், பெண்டிரின் பெயர், சண்டைபிடித்து இரண்டு வருடமாகப் பேசாத அண்ணன் தம்பியின் பெயர். ஊற்றடிக்கு வந்தபோது விரலை அங்கே வைத்து எடுத்தாள், பெயர் சொல்லவில்லை.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். கிழங்குகளை எல்லாம் இரண்டு கைகளாலும் அள்ளினாள். மேசையின் மற்றத் தொங்கலுக்குக் கொண்டுபோய், அங்கே கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பரப்பினாள். ஒரு துணியை எடுத்து அவற்றுக்கு மேலே கூரையாகப் பிடித்தாள். ஆட்டு மயிர்க் கூடாரம். கல்லால் கட்டிய பட்டி. பக்கத்திலேயே ஆறு, கதகதப்பான நிலம், விதைக்கிற கோதுமை. மலையில் குளிர் தொடங்க முன் ஆடு, கோழி, பாய், பிள்ளை, குர்ஆன், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை எல்லாவற்றையும் கழுதையில் ஏற்றிக்கொண்டு ஊரே இறங்கிவிடும். வெயில் ஏறத் தொடங்க ஊரே மேலே போகும். இதற்கு என்ன பெயர் என்று கீழே இருக்கிற கிழங்குகளைக் காட்டிக் கேட்டேன்.

"கோல்செஷ்மே" என்றாள்.

மேலே?

"கோல்செஷ்மே." கைகளை அகல விரித்தாள். "ஆட்கள் எங்கேயோ, அங்கே கோல்செஷ்மே."

அது எனக்கு உடனே விளங்கியது. ஏனென்றால் நானும் அப்படித்தான் பிறந்தேன். சோளகக் காற்றுப் பெயர்ந்தால் நாங்களும் குடும்பம் குடும்பமாகக் கிழக்குக் கரைக்குப் போவோம். மணலில் ஓலையால் வாடி போட்டு, மாரி தொடங்கும்வரை கரைவலை இழுப்போம். அந்தோனியாரின் சுரூபத்தையும் துணியில் சுற்றி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவோம். அங்கேயும் அவருக்கு ஒரு ஓலைக் கோயில் உண்டு. எந்த ஊர் என்று எந்த மாதத்தில் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்வோம். அந்த வாடிக் காலத்தில்தான் ஒருமுறை கணக்கெடுக்க வந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் வரிசையாகப் பூட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு, குடியிருப்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்து அரிசிக் கூப்பன் புத்தகத்துக்குப் போய் நின்றால், நீங்கள் இந்தப் பிரிவில் நிரந்தரமாக வசிக்கிற ஆட்கள் இல்லையே என்றார் எங்கள் கரைக்குப் பொறுப்பாக இருந்த விதானை. வாடிப் பக்கத்து விதானையும் அதையேதான் சொன்னார். இரண்டு இடத்திலும் இருந்தோம், ஆகவே ஒரு இடத்திலும் இல்லை. அரிசியை மட்டும் இரண்டு வயிற்றால் சாப்பிடுகிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஆகக் கணக்கெடுக்க வந்தவன் தூபாவின் ஊருக்கும் இலையுதிர் காலத்தில் போயிருக்கிறான். சனம் இறங்கிப் போன பிறகு போயிருக்கிறான். பூட்டிய கதவையும் காலியான ஆட்டுப் பட்டியையும் பார்த்து ஒரு சுழியம் போட்டிருக்கிறான். கீழே இருந்தவர்களை யாருடைய கணக்கிலோ, ஏதோ ஒரு பெரிய கிராமத்தின் பெயரில் சேர்த்து எழுதியிருப்பார்கள். அந்தச் சுழியம் கப்பலேறி வந்து, ஜெர்மனியில் ஒரு சூடான அறையில் இருக்கிற ஒருவனின் மேசைக்கு வந்து, அவன் அதை எடுத்து இவளுடைய புருசனின் சாவை இல்லையென்று ஆக்கியிருக்கிறான்.

இதை நீ அவர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று தூபாவைக் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். குசினிக்குள் இருந்த கானாக்காரர் கரண்டியோடு வெளியே போய்விட்டார். தூபா பயந்துபோய் விதானையாரைக் காட்டினாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். பிறகு அவள் சொன்னது இது: பனியைக் கண்டாயா என்று கேட்டார்கள். காணவில்லை, இல்லை என்றேன். ஆறு பக்கமா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். பிறகு வேறொருவர், ஊற்றடியைப் பற்றிப் பேசும்போது, ஆறு பக்கமா என்று கேட்டார். இல்லை, தூரம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் விதானையாரை என்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. நினைவிருப்பது இது. "அண்ணை, உங்கடை வாய்ப்பூட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கோ. ஊர் ஊராய்க் கொண்டுபோய் மற்றவைக்குப் போடாதையுங்கோ. உங்கடை ஆக்கள்தான் எங்களையும் இல்லையெண்டு எழுதினவை."

அவர் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேசையிலிருந்த கிழங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் முதன்முதலாக விசாரணைக்குப் போனபோது பிறந்த நாள் முதல் நடந்ததெல்லாவற்றையும் விபரமாகச் சொன்னதாகவும், அத்தனை பேச்சிலிருந்தும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வசனத்தை மட்டும் பொறுக்கி எடுத்து அவரைப் பொய்யன் என்று எழுதிவிட்டதாகவும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தப் பாடம். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் கோபம் பாவம் பார்த்து இறங்குகிற கோபம் இல்லை.

அடுத்த நாளே தூபாவை இழுத்துக்கொண்டு, தேவாலயத்துக்காரர் பிடித்துத் தந்திருந்த லோயரிடம் போனேன். அவர் நல்ல பெடியன், வேலைதான் தலைக்கு மேல். ஒரு பாரசீகப் பெண்ணைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைத்து, தூபா சொன்னதை எல்லாம் மேன்முறையீட்டில் எழுதினார். எழுதிவிட்டு, இதை இரண்டு வருடத்துக்கு முன்னமே சொல்லியிருக்கலாமே என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. லோயர்மாரோடு சண்டைபிடிக்கக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் அறிவு இருக்கிறது.

கோர்ட்டு இலையுதிர் காலத்தில் வந்தது. தூபா நடுவில் ஒரு சின்ன மேசையில், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மேலே நீதிபதி, நரைத்த தலை, மூக்கை அடிக்கடி துடைத்துக்கொண்டிருந்த தடிமன் பிடித்த மனிதர். கந்தோர் சார்பில் ஒருவர் வந்திருந்தார், நல்ல சட்டை, நல்ல சப்பாத்து, குரலை உயர்த்தவே மாட்டார். பின்வரிசை வாங்கில் நானும் விதானையாரும். தூபாவின் மேற்கோட்டு என் மடியில் இருந்தது.

தூபா அன்று பேசினாள். நான் வாயைத் திற, திற என்று இரண்டு மாதமாகப் படிப்பித்த பாடம். ஊற்று, வாய்க்கால், வால்நட், மண் வீடுகள், இறங்குகிற வழி, கழுதைகள், கீழேயுள்ள கூடாரங்கள், ஆறு. நீதிபதி ஒரு தாளை எடுத்து அவளிடம் கொடுத்து வரையச் சொன்னார். வரைந்தாள். அவர் அதைப் பார்த்து, அப்படியானால் பனியை ஏன் காணவில்லை என்று தானே விளங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். எங்கள் லோயர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் பாரம் இறங்கியது. விதானையார்கூட, கெட்டிக்காரி என்று மெல்ல முணுமுணுத்தார்.

அப்போது அந்த நல்ல சட்டைக்காரர் எழும்பினார். இரண்டு ஊர் இருப்பதைத் தாங்கள் மறுக்கவில்லை என்றார். கணவர் சுடப்பட்டது மேலே உள்ள ஊரில்தானே என்று கேட்டார். தூபா ஓம் என்றாள். புரட்சிக் காவலரின் முகாமும் மேலேதானே? ஓம். பிறகு, வெகு மரியாதையாக, கீழே உள்ள ஊரில் காவலர்களின் முகாம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

தூபா யோசித்தாள். "இல்லை" என்றாள். அதோடு நிறுத்தினாள்.

அவர் நன்றி சொல்லிவிட்டு இருந்தார். பேனாவை மூடினார்.

எனக்கு அந்தக் கேள்வியைத் தெரியும். அது என்னிடமும் வந்த கேள்வி. இப்படியே, இதே மரியாதையோடு, இதே மாதிரி ஒரு அறையில். கொழும்பில் யுத்தம் நடக்கிறதா? இல்லை. கொழும்புக் கடலில் உங்கள் ஆட்களை நேவி சுடுகிறதா? இல்லை. நன்றி. அதற்குப் பிறகு எனக்கு வந்த கடிதத்தில், என் புருசன் சுடப்பட்டது உண்மைதான் என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டு, ஆனால் நான் கொழும்பில் போய் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து நான் டுல்டுங். அதாவது சகித்துக்கொள்ளப்படுகிற ஆள். அனுப்புகிறவரை இருக்கலாம் என்கிற ஒரு துண்டு. ஒவ்வொரு முறையும் போய் நின்று புதுப்பிக்க வேண்டும். கந்தோரில் அதைக் கையில் தரும்போதும் சகித்துக்கொண்டுதான் தருவார்கள்.

தூபாவுக்கு இது ஒன்றும் தெரியாது. கேட்டதற்கு மறுமொழி சொல்லிவிட்டு, நல்லபடியாகச் செய்தேனா என்று திரும்பி எங்களைப் பார்த்தாள். நீதிபதி தன் பதிவுக் கருவியை வாயருகே எடுத்தார். அவர் அதில் சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும். இல்லை என்று. கீழே ஊர் இருக்கிறது, அங்கே காவலர் இல்லை, போய் இருக்கலாம்.

நான் எழும்பினேன். கோட்டு மடியிலிருந்து விழுந்தது. விதானையார் என் சேலைத் தலைப்பைப் பிடித்து, இரும் பிள்ளை, இரும் என்று இழுத்தார். உதறினேன்.

"ஏன் இல்லையெண்டு கேளுங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்து, அதையே குசினி ஜெர்மனில் கத்தினேன். "வாறும்? வாறும் நைன்? நீங்கள் கேளுங்கள்!"

நல்ல சட்டைக்காரர் முகத்தைச் சுளித்தார். எங்கள் லோயர் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி கருவியைக் கீழே வைத்துவிட்டு, யார் நீங்கள் என்று கேட்டார். நான் கொறற்றி என்றேன். வேறு என்ன சொல்ல? வெளியே போங்கள், இல்லாவிட்டால் தண்டம் என்றார். போகிறேன், நீங்கள் கேளுங்கள் என்றேன். வாசலில் நின்றவன் கதவைத் திறந்து பிடித்தான். நான் கோட்டைப் பொறுக்கிக்கொண்டு முடிந்தவரை மெல்ல நடந்தேன். அவமானமாக இருந்ததா என்றால், இல்லை.

கதவு மூடும் முன் நீதிபதியின் குரல் கேட்டது. தடிமன் குரல், சலிப்போடு. ஏன் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள் என்றார்.

தாழ்வாரத்தில் வாங்கில் இருந்தேன். தூபாவின் குரல் கதவுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது, நிற்கவேயில்லை. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. ஆனால் நிற்காமல் போகிறது என்பது போதும் என்று இருந்தது.

திரும்பும்போது டிராமில் அவள் எனக்குச் சொன்னாள். குசினி ஜெர்மனில், விரல்களால். காவலர் நான்கு பேர். அதில் இரண்டு பேர் ஆலைக்காரர் வீட்டுப் பெடியள். ஊர் இறங்கும்போது அவர்களும் இறங்குவார்கள். அவர்களுடைய கூடாரம் ஆற்றங்கரையில், தூபாவின் கூடாரத்துக்கு அடுத்தது. தண்ணீர் அள்ளுகிற இடம் ஒன்று. "முகாம் எதற்கு?" என்றாள். "சுடுகிற துவக்கு அவர்களோடு வருகிறது. மேலே போனாலும் கீழே வந்தாலும் அவர்கள் கோல்செஷ்மே ஆட்கள்." அதைச் சொன்னபிறகு நீதிபதி, உங்கள் ஊரின் சனத்தொகை இப்போது என்ன என்று கேட்டாராம். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது சரிதான், எனக்கு அங்கே இனி ஒருவரும் இல்லை என்று சொன்னாளாம். நல்ல சட்டைக்காரர் அதற்குப் பிறகு எழும்பவில்லையாம்.

மார்கழியில் தீர்ப்பு வந்தது. விதானையார்தான் வாசித்தார், அதே குசினியில், அதே அகராதியோடு. அகதியாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தது. அவளைத் துன்புறுத்துகிறவர்கள் அதே குடிசனத்தைச் சேர்ந்தவர்கள், குடிசனத்தோடு சேர்ந்தே இடம்பெயர்கிறவர்கள், ஆகவே கீழேயுள்ள ஊர் அவளுக்கு ஒரு புகலிடம் ஆகாது. விதானையார் அந்த வசனத்தை இரண்டு முறை வாசித்தார். தெஹ்ரான் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்து தூபாவைக் கட்டிப்பிடித்தாள். இவ்வளவு நாளும் எங்கிருந்தாளோ. தூபா பானை நிறையச் சோறு போட்டாள். அடிச்சோற்றை முழுவட்டமாகப் பெயர்த்து, உடைக்காமல், என் தட்டில் வைத்தாள்.

நான் சாப்பிட்டேன். சந்தோசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதியில் தட்டைத் தள்ளிவைத்தேன். தூபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் டுல்டுங் துண்டை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள், அது எப்படி வந்தது என்று கேட்டதில்லை. இப்போது கேட்டாள். சொன்னேன். கொழும்பில் சுடுகிறார்களா, இல்லை, நன்றி.

"ஏன் இல்லை?" என்றாள் தூபா.

அதுவரை என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. கொழும்பில் சுடத் தேவையில்லை, தூபா. நேவிக்காரன் லீவில் வீட்டுக்குப் போகிற இடம் அது. வடக்குக் கடற்கரை ஆள் என்று அடையாள அட்டையில் கண்டால் லொட்ஜுக்கே வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். என் தம்பியை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் திரும்பி வரவில்லை. இதெல்லாம் அன்றும் என் வாய்க்குள்தான் கிடந்தது. ஒரே ஒரு கேள்வி வந்திருந்தால் கொட்டியிருப்பேன்.

தூபா கரண்டியைக் கீழே வைத்தாள். "உன் கோர்ட்டில் யார் கத்தினார்கள்?"

ஒருவரும் இல்லை என்றேன். சொல்லிவிட்டு மேசையின் மறுபக்கம் பார்த்தேன். விதானையார் தீர்ப்பை மடித்து உறைக்குள் போட முயன்றுகொண்டிருந்தார், அது போகவில்லை. அன்று எனக்குப் பின்னால், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தவர் அவர்தான். வெளியே வந்ததும், நல்ல சுருக்கமாய்ச் சொன்னீர் பிள்ளை என்று என்னைப் பாராட்டியவரும் அவர்தான்.